கேட்டா, இல்லைன்னு சொல்லு

அடையாறில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அமெரிக்க வரலாற்றுத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த பாடம், அந்த நாடு கம்யூனிஸ்டுகளைக் கண்டு நடுங்கிய காலம். பிடித்த பாடம் என்று சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களிடம் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியது, சினிமாவுக்குக் கதை எழுதியவர்களை விசாரணைக் கமிட்டி முன்னால் உட்காரவைத்தது, வாய் திறக்காதவர்களின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டது எல்லாவற்றையும் குரலை ஏற்றி இறக்கி நடத்துவேன். நீ கட்சியில் இருந்தாயா என்பது முதல் கேள்வி, உன்னோடு யார் யார் இருந்தார்கள் என்பது அடுத்த கேள்வி என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். வகுப்பு அடங்கிவிடும். பயந்துபோய், தெரியாமல் சேர்ந்துவிட்டேன் என்று எழுதிக்கொடுத்துத் தப்பித்தவர்களைப் பற்றிப் பேசும்போது என் குரலில் ஓர் இளக்காரம் வரும். பிள்ளைகள் அதை ரசிப்பார்கள்.

என் அப்பா கிண்டி தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நைனா என்றுதான் கூப்பிடுவோம். மந்தைவெளி டீக்கடையில் அவர் அரசியல் பேச ஆரம்பித்தால், டீ ஆறினாலும் பேச்சு ஆறாது. அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் கம்பெனியில் தையல்காரி. சாயங்காலம் சில நாள், "சங்கத்துக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். சங்கம் என்றால் ரேஷன் கடை, தண்ணீர் லாரி, காலிக் குடம் என்று சண்டை போடும் பெண்கள் கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் கேட்டதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி குடியுரிமை வாங்கியதும் இவர்கள் இருவரையும் அங்கே அழைத்துக்கொள்ள மனுப் போட்டான். சுற்றுலா விசா முன்பே இரண்டு தடவை மறுக்கப்பட்டிருந்தது. பேரன் பிறந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிட்டான்; அம்மா அவனைத் தொட்டதில்லை. அவன் போனுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தான். "ஒரு தபா தூக்கிட்டா போதும், அப்பால இன்னா ஆனாலும் ஆவட்டும்" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மும்பையில் நேர்காணல் என்று தகவல் வந்த வாரம் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரா என்று கேட்பார்களாம். எழுபது வருடத்துக்கு முன் பயத்தில் எழுதிய சட்டம். யாரைக் கண்டு பயந்தார்களோ அந்த சோவியத் நாடே இல்லாமல் போய்விட்டது. கேள்வி மட்டும் போகவில்லை. வகுப்பில் இதையும் சொல்லியிருக்கிறேன். "நைனா வாயை நீதான் அடக்கணும்" என்றான் தம்பி. அந்தப் பொறுப்பைச் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டேன்.

முதலில் கல்யாணப் போட்டோ. ஐயர் இல்லை, ஓமம் இல்லை. ஒரு தோழர் தலைமை தாங்கி மாலை எடுத்துக்கொடுத்த கல்யாணம் அது. பின்னால் பெரிய செங்கொடி. திருமணத்துக்கு ஆதாரமாகக் கொண்டுபோக வேண்டும் என்பதால், போனில் அந்தப் படத்தைப் பிடித்துக் கொடி தெரியாமல் வெட்டினேன். கொடி அம்மா பக்கத்தில் இருந்தது. அம்மாவின் ஒரு தோளும் அதோடு போயிற்று. பரவாயில்லை, முகம் இருக்கிறதே என்று பிரிண்ட் போட்டேன்.

பிறகு ஒத்திகை. கூடத்தில் நைனாவை நாற்காலியில் உட்காரவைத்து எதிரே நான் உட்கார்ந்தேன்.

"நீங்க கம்யூனிஸ்ட் கட்சி மெம்பரா?"

"இல்ல."

"எப்பவாவது இருந்தீங்களா?"

"இல்ல. அது நெஜந்தான்மா, எனக்குக் கார்டே குடுக்கல" என்று சிரித்தார்.

"சூப்பர் நைனா. அங்கயும் இதே மாதிரி சிரிச்சிக்கினே சொல்லு" என்றேன். அவர் நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவ ஒண்ணும் கேக்க வேணாமா?" என்று நைனா கேட்டார். "அம்மாவ யார் கேக்கப்போறாங்க" என்றேன். அம்மா உள்ளே போய்விட்டாள்.

மும்பையிலிருந்து ரயிலில் திரும்பி வந்தவர்களை அழைத்துவர சென்ட்ரலுக்குப் போனேன். நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் சொன்னார். அவரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். அடுத்து அம்மாவிடம் அதே கேள்வியைத் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டிருக்கிறார்கள்.

"ஆமாம், இப்பவும் கீறேன்னுட்டா" என்றார் நைனா.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு முதலில் வந்தது கோபம். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? தெரியாத விஷயத்துல ஏன் வாயக் குடுக்கற?" என்று ஓட்டுநர் இருப்பதையும் மறந்து கத்தினேன்.

"தெரியாத விஷயமா?" என்றார் நைனா. "கல்யாணத்துக்கு முன்னாடியே அவ கார்டு வாங்கிட்டா. அந்தத் தோழரு அவளுக்காகத்தான் கல்யாணத்துக்கு வந்தாரு. அவ வரான்னுதான் நான் கூட்டத்துக்கே போனேன். நான் தூங்கிடுவேன்னு என்னைச் சேத்துக்கல." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், என்னிடம் ஏன் இதுவரை சொல்லவில்லை என்று.

"நீ எங்க கேட்ட? நான் சங்கத்துக்குப் போறேன், கூட்டத்துக்குப் போறேன்னு சொல்லிக்கினுதான் இருந்தேன். எதுக்குப் போறேன்னு இந்த வூட்டுல யாரும் கேட்டதில்ல. அங்க கவுண்டர்ல இருந்த வெள்ளக்காரப் பொண்ணுதான் மொத மொத மூஞ்சியப் பாத்துக் கேட்டுச்சு. கேக்கறப்ப எப்பிடி இல்லைன்றது?"

எழுபது வருடத்துப் பழைய பயம் ஒன்று என் அம்மாவை ஆளாக மதித்துக் கேட்டிருக்கிறது. நான் கேட்கவில்லை. ஊரான் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

நைனாவின் விசாவில் பிரச்சினையில்லை என்றார்கள். அம்மாவுடையதை நிறுத்திவைத்தார்கள். தம்பி அங்கே ஒரு வக்கீலைப் பிடித்தான். சுயவிருப்பம் இல்லாமல் சேர்ந்தவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டாம். கணவர் வற்புறுத்திச் சேர்ந்தேன், கொள்கை எதுவும் எனக்குப் புரியாது, இப்போது விலகிவிட்டேன் என்று அம்மா எழுதிக்கொடுத்தால் வழி பிறக்கலாம். தமிழில் எழுதி, மொழிபெயர்ப்போடு அனுப்ப வேண்டும். "உனக்கு எழுத்து நல்லா வரும், நீயே எழுதிடு" என்றான் தம்பி.

எழுதினேன். எனக்கு அரசியல் தெரியாது. நான் வீட்டு வேலையும் தையல் வேலையும் பார்க்கிற சாதாரணப் பெண். என் கணவர் போகும் இடத்துக்கு நானும் போவேன். அவர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தோழர்கள் வந்தால் டீ போட்டுக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஓரிடத்தில்கூடப் பேனா நிற்கவில்லை, ஒரு வார்த்தையைக்கூட அடிக்கவில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் ஏன் இவ்வளவு சரளமாக வந்தது என்று புரிந்தது. இதில் எதையும் நான் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. சின்ன வயதிலிருந்து அம்மாவைப் பற்றி நான் நம்பிக்கொண்டிருந்ததும் இதுதான்.

கிழித்துப் போட்டிருக்கலாம். பேரன் முகம் நினைவுக்கு வந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, தம்பியிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசை.

அம்மா யாருடைய சேலைக்கோ ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். மெதுவாக, ஒரு வரியும் விடாமல் படித்தாள்.

"இத்தக் குடுத்தா, அப்பால கூட யார் யார் இருந்தாங்கன்னு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்கம்மா."

"கேட்டா நான் சொல்ல மாட்டேன். அத்த உன் தம்பியாண்ட இப்பவே சொல்லிடு."

"சரிம்மா."

பேனாவைக் கேட்டாள். மடியில் இருந்த சேலையை மடித்து, அதன் மேல் காகிதத்தை வைத்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான் எழுதிக்கீற கண்ணு. ரொம்ப நாளா மனசுல வெச்சிக்கினு இருந்தா மாதிரி."