ஸ்வீடன் எந்திரம் கேட்ட கேள்வி

நார்வே எல்லையோரத்து ஹால்டன் ஊரில் முதியோர் இல்லத்துத் துணிகளை வெளுக்கிறவள் சொல்ஃப்ரிட். ஒரு குரோனரையும் வீணாக்கமாட்டாள். பாலம் தாண்டி ஸ்வீடனுக்குப் போய் மலிவாக இறைச்சியும் மிட்டாயும் வாங்குவது அந்த ஊரில் எல்லோருக்கும் வழக்கம். அவளுக்கோ அது கொள்கை.

அந்த மே மாதம் மகள் மாரெனுக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு. நாற்பது பேருக்கு விருந்து. ஆட்டுக்கறி எல்லைக்கு அப்பால் ஒரு பண்ணையில் மலிவு. ஆனால் பண்ணைக்காரர் கார்டு வாங்கமாட்டார். ஸ்வீடன்காரர்கள் போனிலேயே பணம் அனுப்பிவிடுவார்கள்; நார்வேக்காரர்களுக்கு அது நடக்காது, ரொக்கம்தான். ஆகவே ஸ்வீடன் கடைவீதியில் பணம் எடுக்கிற எந்திரத்தில் கிரெடிட் கார்டைச் செருகி ஆறாயிரம் ஸ்வீடன் குரோனர் எடுத்தாள். நார்வே பணத்தில் கணக்குப் போடட்டுமா என்று எந்திரம் கேட்டது. சொந்த ஊர்ப் பணம், தெரிந்த கணக்கு என்று நம்பி ஆமாம் என அழுத்தினாள்.

கறியில் மிச்சமானது ஐந்நூற்றைம்பது. அதை நம்பி மாரென் ஆசைப்பட்ட பாதாம் வளையக் கேக்குக்குச் சொல்லி வைத்தாள். கார்டு பில் வந்தது. அறுநூறு கூடுதலாகப் போயிருந்தது.

"இதுக்கு இங்கயே கறி வாங்கியிருக்கலாமே அண்ணி," என்று நாத்தனார் போர்கில் சிரித்தாள்.

"வாய மூடு. முதல்ல அவனுங்கள ஒரு கை பாக்கறேன்," என்று போனை எடுத்தாள் சொல்ஃப்ரிட். கார்டு கம்பெனியில் ஹென்னிங் என்கிற பையன் பேசினான்.

"நாப்பத்தஞ்சு நாள் வட்டியே கிடையாதுன்னு எழுதியிருக்கீங்களே, இந்த நூத்திமுப்பத்தஞ்சு எதுக்கு?"

"அது கடையில தேய்ச்சாதான், சொல்ஃப்ரிட். ரொக்கமா எடுத்தா அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும்."

"பணத்த எண்ணி முடிக்கறதுக்குள்ளயா?"

"அப்படித்தான். ரொக்கம் எடுத்த கட்டணம் நூத்தியஞ்சு."

"மிச்சம் முந்நூத்தறுபது?"

"அது எங்களுக்கு வரல. நார்வே பணம்னு அழுத்தினீங்கல்ல, எந்திரக்காரங்க இஷ்டத்துக்கு விலை போட்டுப் பணத்த மாத்தியிருக்காங்க. ஸ்வீடன் பணம்னு அழுத்தியிருந்தா நாங்க மாத்தியிருப்போம். எங்களுக்கும் கமிஷன் உண்டு, ஆனா இதுல பாதிகூட ஆகாது."

"அத எங்கய்யா சொன்னீங்க?"

"ஒப்பந்தத்துல, பதினோராம் பக்கம்."

"அந்தப் பக்கத்தக் கிழிச்சு எந்திரத்துல ஒட்டுங்க! அங்கதான் எனக்குத் தேவைப்பட்டுச்சு!"

ரொம்ப நேரம் கத்திய பிறகு, இந்த ஒரு தடவை வட்டியை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னான். மீதிக்கு அசைந்து கொடுக்கவில்லை. கேக் வேண்டாமென்று கடைக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. "பரவால்லம்மா," என்று மாரென் சொன்னது அவளை இன்னும் எரிய வைத்தது.

சனிக்கிழமை ரொட்டி, வெண்ணெய் வாங்க அவளும் போர்கிலும் பாலம் தாண்டினார்கள். அதே எந்திரத்தின் முன் நீள வரிசை, பாதிக்குமேல் நார்வேக்காரர்கள். முன்பின் தெரியாதவரோடு வரிசையில் பேசுவது அங்கே பைத்தியக்காரத்தனம். சொல்ஃப்ரிட் எந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"ஸ்வீடன் பணம்னு அழுத்துங்க! நார்வேன்னு அழுத்தினா தோல உரிச்சிடுவான்! கிரெடிட் கார்டுன்னா எடுக்கவே எடுக்காதீங்க!"

எல்லோரும் குனிந்து தங்கள் காலணியைப் பார்த்தார்கள். போர்கில் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "மானம் போகுது அண்ணி, வாங்க."

"போகட்டும். என் அறுநூறு போனப்ப எவன் வந்தான்?"

எந்திரத்தின் முன் நின்ற பெரியவர் மட்டும், அழுத்தப்போன விரலைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

"எந்தப் பொத்தான்மா சொன்னீங்க?"