ராகு காலத்தில் வாசித்த ஈட்டுறுதி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் நகரில் எங்கள் ஈழத்துச் சனங்களுக்கு வீடு வாங்கும் காய்ச்சல் பிடித்தது. வாடகை கட்டி அலுத்துப்போனவர்கள் சனி ஞாயிறுகளில் வீடு வீடாகப் பார்த்துவிட்டு, கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது ஒரு மருத்துவமனைச் சமையலறையில் விடியற்காலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீடு வாங்க என்னிடம் வழி இல்லை. வாய் மட்டும் இருந்தது. அந்த வாயை வைத்துக்கொண்டே அந்தச் சமையலறையை விட்டு வெளியேறிவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இங்கே வீட்டு உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், முடிப்பது நொத்தாரிசு என்கிற பத்திரச் சட்டத்தரணியின் வேலை. எழுதி வைத்துக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்புகிற வேலையல்ல. விற்பவரையும் வாங்குபவரையும் முன்னால் இருத்தி, உறுதி முழுவதையும் சத்தமாக வாசிக்க வேண்டும். கடன் எடுத்தால் வீட்டை வங்கிக்கு ஈடு வைக்கும் ஈட்டுறுதியையும் அப்படியே வாசிக்க வேண்டும். வாங்குபவருக்கு ஜெர்மன் போதாது என்றால் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருந்தாக வேண்டும். எங்கள் ஆட்கள் முதலில் மருமகனையும் மச்சாளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். நொத்தாரிசுமார் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள். உறவினர் கூடாது, நீதிமன்றத்தில் சத்தியம் செய்தவர்தான் வேண்டும் என்றார்கள். வங்கிக்காரரும் அதையே சொன்னார்கள். உறுதியில் பிழை வந்தால் கடன் கொடுத்தவருக்குத்தானே வயிற்றெரிச்சல்.

நான் மொழிபெயர்ப்பாளர் பரீட்சை எழுதிச் சத்தியமும் செய்து முடித்தேன். ஆனால் சத்தியம் செய்தவரை வேலை தேடி வராது. ஒவ்வொரு நொத்தாரிசின் அலுவலகத்திலும் தங்களுக்குப் பழக்கமான மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் ஏறாவிட்டால் சத்தியப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்க வேண்டியதுதான். எங்கள் ஆட்கள் அதிகம் போகும் அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே போய், எழுத்தராக இருந்த பெண்ணிடம் என் பத்திரங்களை நீட்டினேன். தமிழுக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தாராம், அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். வாசிப்பின் நடுவில் அந்த மனிதர் வாங்குபவரிடம், "இந்த வீட்டை எடுக்காதையுங்கோ அண்ணை, கூரை ஒழுகும்" என்று தமிழில் புத்திமதி சொல்லியிருக்கிறார். வாங்க வந்தவர் எழுந்து போய்விட்டார். கூரை உண்மையிலேயே ஒழுகியதா என்று கேட்க எனக்கு நா துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் எனக்கும் எல்லாவற்றையும் சொல்லித்தான் அனுப்பினாள். பிந்தி வரக் கூடாது. புத்திமதி சொல்லக் கூடாது. அறையில் யார் எதைச் சொன்னாலும் ஒன்றையும் விடாமல் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். முதல் டேர்மின், அதுதான் நேரம் குறித்துக் கூடுகிற சந்திப்பு, எப்படிப் போகிறது என்று நொத்தாரிசு பார்ப்பார், அதன் பிறகுதான் பட்டியல்.

என் முதல் டேர்மின் ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். வாங்கும் தம்பதி ராகு காலத்துக்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்பட்டு, பத்து மணிக்கே வந்து அலுவலக வாசலில் குந்தியிருந்தார்கள். புருஷன் உணவகம் ஒன்றில் சமையல், மனைவி லோண்டரியில் வேலை. மனைவி பட்டுச்சேலை கட்டி, குளிருக்கு மேலே தடித்த ஜாக்கெட் போட்டிருந்தாள். தலையில் பூ வேறு. அந்தக் குளிரில் அதை எங்கே வாங்கினாளோ தெரியாது.

"டேர்மினை மாத்த ஏலாதெண்டுட்டினம் அக்கா," என்றாள் என்னிடம். "பறவாயில்லை. கையெழுத்து எப்பிடியும் பன்னிரண்டுக்குப் பிறகுதான் வருமாம்."

விற்பவர் மழை ஜாக்கெட் போட்ட ஒரு வயதான ஜெர்மன்காரர். வந்ததும் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடுமா என்று கேட்டார். அவருக்கு அது ஒன்றுதான் கவலை.

நொத்தாரிசு தொடங்கினார். முதலில் விற்பனை உறுதி, அதன் பிறகு வங்கியின் ஈட்டுறுதி என்று வரிசையைச் சொன்னார். ஈட்டுறுதியில் பணம் கட்டத் தவறினால் வீட்டை ஏலத்தில் விற்கும் பகுதி வரும், அதைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்றார். நான் அப்படியே தமிழில் சொன்னேன். மனைவியின் முகம் மாறியது.

"அதை எப்ப வாசிப்பார்?"

நான் நொத்தாரிசிடம் கேட்டேன். பன்னிரண்டு மணி போல வரும் என்றார்.

"ஐயோ அக்கா, அது ஏலாது," என்றாள். "நல்ல நேரம் தொடங்கேக்கை ஏலம், ஜப்தி எண்ட சொல்லொண்டும் என்ரை காதிலை விழக் கூடாது. குடிபோகப் போற வீடு. நீங்கள் அந்த இடத்தை மட்டும் சொல்லாமல் விடுங்கோ. ஆருக்குத் தெரியப் போகுது?"

யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த அறையில் அவர்களைத் தவிரத் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. அவள் பயமும் எனக்குப் புரியாததல்ல. நானும் ராகு காலத்தில் நல்ல காரியம் தொடங்குகிறவள் இல்லை. ஆனால் நொத்தாரிசு பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்கிறார்?"

விடியற்காலைச் சமையலறையும் அதன் பெரிய அண்டாக்களும் கண்ணுக்குள் வந்து போயின. பிறகு, ஒன்றையும் விடாமல் என்றால் ஒன்றையும் விடாமல்தான் என்று, அவள் சொன்னது முழுவதையும் ஜெர்மனில் சொன்னேன். நல்ல நேரம், கெட்ட நேரம், சொல்லாமல் விடுங்கோ, ஆருக்குத் தெரியப் போகுது, எல்லாம்.

புருஷனுக்கு ஓரளவு ஜெர்மன் விளங்கும். "கடவுளே, அதையும் சொல்லிப்போட்டியளோ!" என்று தலையில் கை வைத்தார். நான் அதையும் ஜெர்மனில் சொன்னேன்.

நொத்தாரிசு முதலில் இருமினார். பிறகு இருமல் இல்லை, சிரிப்பு என்று தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்தக் கெட்ட நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது?" என்று கேட்டார்.

"பன்னிரண்டுக்கு."

"அப்படியானால் கெட்டதைக் கெட்ட நேரத்திலேயே வாசித்துவிடலாமே. ஈட்டுறுதி முதலில். விற்பனை உறுதியும் கையெழுத்துகளும் பிறகு."

விற்பவரைக் கேட்டார்கள். எது முதலில் வந்தாலும் சாப்பாடு ஒன்றுதான் என்றார் அவர்.

நொத்தாரிசுமார் சாதாரணமாகவே மூச்சு விடாமல் வாசிப்பார்கள். அன்று இவர் இன்னும் வேகமாக ஓடினார். நான் இரண்டு தடவை கையை உயர்த்தி நிறுத்தினேன். எனக்கு விளங்காததை நான் எப்படிச் சொல்வது? அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற பிள்ளை போல முகத்தைச் சுளித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பகுதி முடியும்போதும் "ஓம், விளங்குது" என்றாள். கடைசியில் அந்த இடம் வந்தது. கட்டத் தவறினால் வழக்கு வைக்காமலே வீட்டை ஏலத்தில் விற்கலாம். அது போதாவிட்டால் கடன் எடுத்த இருவரும் தங்கள் மற்றச் சொத்தோடும் சம்பளத்தோடும் பொறுப்பு.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"சம்பளமோ? ஆற்றை சம்பளம்?"

"இரண்டு பேரின்ரையும்," என்றேன்.

"என்ரையுமோ?" அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "வீடு மட்டுந்தான் ஈடு எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அவர் மேசையைப் பார்த்தார். "நானும் அப்பிடித்தான் நினைச்சன்," என்றார். பொய் சொல்லவில்லை என்றே எனக்குப் பட்டது. வங்கியில் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார், பாவம்.

எல்லாவற்றையும் நான் ஜெர்மனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். நொத்தாரிசு இப்போது சிரிக்கவில்லை. வாசிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்து, "கேளுங்கள்" என்றார். அவள் கேட்டாள். இவருக்கு வேலை போனால் என்ன? எனக்குச் சுகமில்லாமல் வந்தால் என்ன? ஏலத்துக்கு முன் எங்களுக்குச் சொல்வார்களா? லோண்டரியில் வாய் திறக்காமல் வேலை செய்கிற பெண் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று என்னை மூச்சு வாங்க வைத்துவிட்டாள். நொத்தாரிசு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கட்ட முடியாத முதல் மாதமே வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள், ஒளிக்க வேண்டாம் என்றார்.

பதில்கள் முடிந்தன. வெளியே தேவாலய மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. விற்பவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். புருஷனுக்கு முகம் தெளிந்தது. "சரி, நல்ல நேரம் வந்துட்டுது. மற்ற உறுதியை வாசிக்கச் சொல்லுங்கோ அக்கா."

"பொறுங்கோ," என்றாள் அவள். "அந்த ஏலப் பகுதியை இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்கோ. ஆறுதலா, மெதுவா."

"பன்னிரண்டு அடிச்சிட்டுதப்பா!"

"அடிக்கட்டும். இது எனக்கு விளங்க வேணும்."

நான் சொன்னேன், நொத்தாரிசு வாசித்தார். இந்த முறை ஓடவில்லை. நானும் ஒவ்வொரு சொல்லாக, ஏலம், ஜப்தி, சம்பளம் என்று நல்ல நேரத்தில் சத்தமாகச் சொன்னேன். அவள் கண்ணை மூடாமல் என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.