அரை கிலோ மீன்

சமையல் புத்தகம் என்றால் எனக்குப் பைத்தியம். மீஞ்சூரிலிருந்து பழவேற்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, சீர் சாமான்களோடு ஒரு பை நிறையப் புத்தகங்களும் கொண்டுவந்தேன். எதில் மீன் குழம்பைத் தேடினாலும் "மீன் அரை கிலோ" என்றுதான் தொடங்கும். என் வீட்டுக்காரர் படகிலிருந்து கறிக்கென்று எடுத்து வருவதோ ஒருநாள் சட்டி கொள்ளாத மடவை, மறுநாள் நாலே நாலு கிழங்கான்.

"அரை கிலோதான் வோணும்னு ஏரிகிட்ட யாரு போய் சொல்றது?" என்று சிரிப்பார். நானும் புத்தகத்தை மூடிவிட்டு, வந்த மீனுக்கு ஏற்றபடி புளி கரைப்பேன்.

போன வருஷம் மாரடைப்பில் அவர் போய்விட்டார். கொஞ்ச நாள் மற்ற படகுக்காரர்கள் மீன் கொடுத்தனுப்பினார்கள். அதுவும் நின்றபின் நானே மார்க்கெட்டுக்குப் போனேன். தெரிந்த மீன்காரிதான். என்னைப் பார்த்ததும் தராசைத் தொடவே தயங்கினாள்.

"எவ்ளோக்கா போடட்டும்?"

"அரை கிலோ" என்றேன்.

அன்று புத்தகத்தை விரித்து வைத்து, எந்த அளவையும் மாற்றாமல் சமைத்தேன். குழம்பு அதில் சொன்னபடியே வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, சட்டியை மூடி வைத்தேன்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், எந்தச் சமையல் புத்தகம் வாங்கலாம் என்று நேற்று கேட்டாள். அவள் புருஷனும் வலைக்குப் போகிறவன்தான்.

"எது வேணா வாங்கு கண்ணு. அதுல போட்டுருக்குற அளவு மட்டும் உனக்கு எப்பவும் ஒத்து வரக்கூடாது" என்றேன்.