ஒரு சென்ட் மனையும் நாலு எல்லையும்

பனவடலிசத்திரத்திலிருந்து சங்கரன்கோவில் பதினாறு கிலோமீட்டர். பஸ்ஸுக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு. இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு என் சொந்த மனைக்கு எத்தனை தூரம் என்று கேட்டால்தான் ஒருத்தருக்கும் தெரியவில்லை, என்னையும் சேர்த்து. இந்த எண்பத்து நாலாம் வருசம் ஆவணியில் ஒரு புதன்கிழமை அதைக் கண்டுபிடிக்கத்தான் போனேன். டவுனில் ஒரு துண்டு இடத்தை வாங்கிப் போட்டுவிட்டு, பத்திரத்தைத் தகரப்பெட்டியில் பூட்டி, பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறவர்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அவர்களும் ஒரு நாள் போகத்தான் வேண்டும். அப்போது இந்தக் கட்டுரை உதவும். உதவாவிட்டால் சிரிக்கவாவது ஆகும்.

மனை என்றதும் பங்களா கட்டுகிற இடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சென்ட். ரோட்டுப் பக்கம் பதினைந்து அடி, உள்ளே இருபத்தொன்பது அடி. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போகிற காலத்தில், மாட்டை அவிழ்த்துக் கட்ட இடமில்லாமல் திண்டாடியதால் என் அப்பா வாங்கிப் போட்டது. எழுபத்து மூன்றில் மாட்டை விற்றேன். அதற்குப் பிறகு தபசுக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். சாமி கும்பிட்டு, கூட்டத்தில் பத்துப் பேரைக் கேலி பண்ணி, தெரிந்தவர்கள் கையில் கொடுக்கிற பழம் தேங்காயை வாங்கிக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வண்டி இல்லாதவனுக்கு வண்டி நிறுத்துகிற இடத்தில் என்ன வேலை? பதினொரு வருசமாக எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது வேலை வந்தது. என் மகள் செல்லம்மா ரவிக்கை தைக்கிறாள். ஊரில் தைத்துத் தைத்து அவளுக்கு அலுத்துவிட்டது. ஊரில் ஒருத்திக்குக் கல்யாணம் வந்தால்தான் ஒரு ரவிக்கை. டவுனில் கடை போட்டால், தீபாவளிக்கு முன்னால் ஆரம்பித்தால், பிழைத்துக்கொள்ளலாம் என்கிறாள். நானும் “தாத்தா சொத்து உனக்குத்தான் ஏட்டி” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொத்தனாரிடமும் பேசியாகிவிட்டது. அவர் கேட்டது ஒன்றுதான்: “இடத்தக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிருதேன்.” இடத்தைக் காட்டுவது அவ்வளவு பெரிய காரியமா?

காலை எட்டுப் பத்து பஸ். செல்லம்மா துணி அளக்கிற டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே ஏறினாள். நான் பத்திரத்தைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். கண்டக்டர் என் சட்டை புடைத்திருந்ததைப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, நெஞ்சுல ரொட்டி வச்சிருக்கீயளா?” என்றார். “இல்லவே, சங்கரன்கோவில வச்சிருக்கேன். உமக்கு வேணுமா, பாதி விலைக்குத் தாரேன்” என்றேன். எட்டு ஐம்பத்தைந்துக்கு இறக்கிவிட்டார்.

பத்திரத்தில் கதவு நம்பர் கிடையாது. நாலு எல்லைதான். கிழக்கே கருப்பட்டிக் கடை. மேற்கே வண்டிப் பாதை. வடக்கே பொதுக் கிணறு. தெற்கே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோடு. நான் நாலாங்கிளாஸ்தான். ஆனால் நாலு எல்லையைக் கண்டுபிடிக்க நாலாங்கிளாஸ் போதும் என்று நினைத்தேன். ரோட்டில் இறங்கியதும் அந்த நினைப்புப் போய்விட்டது. பருத்திக் கொட்டை விற்ற இடத்தில் எவர்சில்வர் தொங்குகிறது. எவர்சில்வர் விற்ற இடத்தில் மணிக்கூண்டு மாதிரி ஒரு லாட்ஜ். எந்தக் கடைக்கும் மரக்கதவு இல்லை. எல்லாம் சுருட்டி மேலே ஏற்றுகிற ஷட்டர். கதவு நம்பரைப் பார்த்தால் 12, 12ஏ, 12ஏ1 என்று போகிறது. ஒரு வீடு குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போட்டிருக்கிறது.

கருப்பட்டிக் கடையை விசாரித்தோம். எல்லோரும் ஒரே திசையில் கை காட்டினார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நானூற்று இருபது எட்டு, நானே எண்ணினேன். அதே பெயர், அதே போர்டு, அதே வாசனை. அதற்கு மேற்கே பார்த்தேன். மூன்று மாடி ஜவுளிக்கடை! கண்ணாடிக்குள் ஒரு பொம்மை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கை நீட்டியது.

“ஏட்டி செல்லம்மா,” என்றேன். “தாத்தா இடத்துல மூணு மாடி முளைச்சிருக்கு. நீ எந்த மாடியில தைக்கப் போற?”

“சும்மா இருங்கப்பா,” என்று சொல்லிவிட்டு அவள் டேப்பை எடுத்து வாசலை அளக்க ஆரம்பித்தாள். கடைச் சிப்பந்தி ஓடி வந்து, “வாங்க வாங்க, முகூர்த்தச் சேலையா? மாடிக்குப் போங்க. கலர் குடிக்கீயளா?” என்றார். கலர் சோடாதான், குடித்தோம். சும்மா கிடைத்தது. குடித்து முடித்தபிறகுதான் அவர் கேட்டார், “அக்கா ஏன் வாசல அளக்காக?”

“ஒண்ணுமில்ல தம்பி. எங்க இடம் எத்தன அடி இருக்குன்னு பாக்கோம்.”

அந்தப் பையனின் சிரிப்பு நின்றது. உள்ளேயிருந்து முதலாளி வந்தார், விபூதியெல்லாம் வியர்வையில் கரைந்து. “பயப்படாதீய முதலாளி, மேல் மாடிய நீங்களே வச்சுக்கிடுங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. பத்திரத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு வடக்க கெணறு. எனக்கு வடக்க சினிமாக் கொட்டகைலா இருக்கு? அதுபோக, இந்தக் கருப்பட்டிக் கடை இங்கன வந்தே ரெண்டு வருசந்தான் ஆகுது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லை என்றால் அது நின்ற இடத்தில் நிற்க வேண்டாமா? எல்லையே வாடகை கட்டாமல் வீடு மாறினால் நான் எதைப் பிடித்துக்கொண்டு என் மனைக்குப் போவது? பத்து நிமிடம் மூன்று மாடிக்குச் சொந்தக்காரனாக இருந்தேன். ஒரு கலர் லாபம்.

திரும்ப ஸ்டேஷன் ரோட்டுக்கே வந்து, ஒரு சந்துக்குள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ நாற்பது காசு. மாஸ்டருக்கு நரைத்த மீசை, பழைய ஆள். அவரிடம், பழைய கருப்பட்டிக் கடை எங்கே இருந்தது என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“முன்னால தெரியுதுல்லா, கேசட்டுக் கடை, அதுதான். கருப்பட்டி போனதும் எண்ணெய்க் கடை. எண்ணெய் போனதும் ரேடியோ ரிப்பேரு. இப்ப பாட்டு. நாளைக்கு என்னவோ.”

“வண்டிப் பாதை?”

“அந்தா சைக்கிள் ஸ்டாண்டு. சைக்கிளுக்கு இருவத்தஞ்சு காசு.”

“அது பொதுப் பாதைலாவே?”

“அதனாலதான கட்டடம் கட்டாம சைக்கிள் நிறுத்துதாக.”

இதற்கு மேல் என்ன நியாயம் கேட்பது? கடைசியாகக் கிணற்றைக் கேட்டேன். மாஸ்டர் கரண்டியால் என் காலுக்குக் கீழே காட்டினார். “கெணத்துக்கு மேலதான் நீங்க உக்காந்திருக்கீய. மூணு வருசம் ஆச்சு, சிலாப்பு போட்டு மூடி.”

நான் எழுந்து நின்றேன். செல்லம்மா அதற்குள் டீயை வைத்துவிட்டு முன்பக்கம் ஓடிவிட்டாள். நான் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, கேசட்டுக் கடைச் சுவரிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் அளந்துகொண்டிருந்தாள். அந்த டேப் ஐந்தடி. சரியாக மூன்று டேப். “பதினஞ்சு அடிப்பா!” என்று கத்தினாள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மனை கிடைத்துவிட்டது. ஆனால் மனை காலியாக இல்லை. ஒன்பதடிக்கு ஒரு ஃபேன்சி ஸ்டோர், வளையலும் ரிப்பனும் சாந்துப்பொட்டும். மீதி ஆறடிக்கு ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. செங்கல் சுவர், சிமெண்ட் கூரை, ஷட்டர். எந்தப் பயல் என் இடத்தில் கட்டியது என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். உள்ளே வளையல் அடுக்கிக்கொண்டிருந்தது மாரியம்மா.

மாரியம்மாளை எனக்கு நன்றாகத் தெரியும். எழுபத்து மூன்றாம் வருசத் தபசுக்கு, காலியாகப் போகிற இடத்தில் கீற்றுப் போட்டு வளையல் விற்க என்னிடம் கேட்டவள். பன்னிரண்டு நாளைக்கு என்று சரி சொன்னேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தபசுக்கும் கூட்டத்தில் என்னைத் தேடி வந்து, வெற்றிலை பாக்கு வைத்து ஒரு தேங்காய் தருவாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று வாங்கிக்கொள்வேன். ஒரு வருசத்து நன்றிக்கு இத்தனை தேங்காயா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

“வாங்க அண்ணாச்சி, மகளும் வந்திருக்காகளா? இருங்க, கலர் சொல்லுதேன்,” என்றாள்.

“கலர் குடிச்சாச்சு. மாரியம்மா, இது யாரு எடம்?”

“இது என்ன கேள்வி? உங்க எடந்தான்.”

சண்டைக்கு வந்தவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? “அப்ப இந்தச் சொவரு?” என்றேன்.

“மொத வருசம் கீத்து. மூணாம் வருசம் தகரம். காத்துல தகரம் பறக்குன்னு செங்கல் வச்சேன். செங்கல் வச்சாக் கதவு வேணும்லா? அப்படியே ஷட்டரும் வந்துட்டு.”

“யாரக் கேட்டு?”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “வருசா வருசம் உங்களக் கேட்டுத்தான். வெத்தல பாக்கு வச்சுத் தேங்கா தாரேன். கையில வாங்கிக்கிடுதீய. அதுக்குப் பொறவு பேச என்ன இருக்கு?”

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. நம் பக்கம் மாடு விற்றாலும், பெண் கொடுத்தாலும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டாலும் வெற்றிலை பாக்கு கை மாறினால் பேச்சு முடிந்தது. பத்திரமெல்லாம் பிறகு. இதைப் பத்துப் பேருக்குப் பஞ்சாயத்தில் எடுத்துச் சொன்ன வாய் இது. அந்த வாயாலேயே பதினொரு வருசக் குத்தகையை மென்று துப்பியிருக்கிறேன்.

செல்லம்மா டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். “இந்த வருசத் தேங்காயத் தொவையல் அரைச்சது நாந்தாம்ப்பா,” என்றாள். “அப்ப அடுத்த ஆடி வரைக்கும் வாக்கு நிக்குல்லா.” அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இறுக்கிக் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

மாரியம்மாளுக்கும் அப்போதுதான் நாங்கள் எதற்கு வந்தோம் என்று புரிந்தது. கையிலிருந்த கண்ணாடி வளையலைப் பெட்டியில் வைத்தாள். “மக கடை வைக்கணும்னா பிரிச்சிருதேன் அண்ணாச்சி. எடம் உங்களுது. தீவாளிச் சரக்கு எறக்கிட்டேன், அது மட்டும் வித்துக்கிடுதேன்,” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைதான் ஒரே வளையல் பெட்டியை மூன்று தடவை மூடித் திறந்தது.

மகளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மென்ற வெற்றிலை ஒரு பக்கம். நான் உடையவனா, வாக்குத் தவறியவனா? பக்கத்துக் கடை வாட்ச்சுக்காரர் சுவரில் இருந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டியது. அன்றைக்கு என் தலையும் அப்படித்தான் இருந்தது.

செல்லம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. “அவரு எங்க போறாரு?” என்று கேட்டாள்.

“எதுத்தாப்புல புதுக் காம்ப்ளெக்ஸ் மாடிக்கு,” என்றாள் மாரியம்மா. “வாட்ச்சு கெட்டவன் மாடி ஏறித்தான ஆகணும்.”

“அந்த ஆறடிக்கு ஆளு வந்தாச்சா?”

“அவருக்கு விட்டது நாந்தான். இப்ப மூணு பேரு கேட்டிருக்காக. யாருகிட்டயும் இன்னும் தேங்கா வாங்கல.”

செல்லம்மா இறங்கிப் போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு தேங்காய், இரண்டே கால் ரூபாய். மேலே வெற்றிலை, கொட்டைப்பாக்கு. நேராகப் போய் மாரியம்மாளிடம் நீட்டினாள்.

மாரியம்மா வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள். “அண்ணாச்சி, உங்க மக, உங்க எடம். நான் வாங்கலாமா?”

“எனக்கென்ன தெரியும்? நான் தின்னத்தான் தெரிஞ்சவன். வாங்கிக்கிடு,” என்றேன்.

வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். ஒற்றிவிட்டு அப்படியே திரும்பி என் கையில் வைத்தாள். “வாட்ச்சுக்காரரு தந்த தேங்காயையும் இப்படித்தான் உங்ககிட்ட சேத்தேன்,” என்றாள்.

மூன்றே முக்கால் பஸ்ஸில் திரும்பினோம். தேங்காய் என் மடியில். “ஏட்டி, பத்திரம் நம்ம கையில. நீ போயி அவகிட்ட தேங்கா குடுத்திட்டு வாரியே, இது எந்தூரு நியாயம்?” என்று கேட்டேன்.

“வளையல் வாங்க வாற பொம்பளையெல்லாம் ரவிக்கத் துணியோடத்தான் வாராக. அந்தக் கடையப் பிரிச்சிட்டு அந்த எடத்துல நான் ஒத்தையில உக்காந்தா என்னத் தேடி யாரு வருவா?” என்றாள். பிறகு ஜன்னலோரமாகத் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். எட்டாங்கிளாஸ் படித்தவள்.

ஊரில் கொத்தனார் காத்திருந்தார். “எங்கன தோண்டணும்?” என்றார். “எங்கனயும் வேண்டாம்வே, சொவரு ஏற்கெனவே வந்துட்டு” என்றேன். அவருக்கும் புரியவில்லை. எனக்குத் துணை ஆயிற்று.

போகிறவர்களுக்குச் சொல்லுகிறேன். காலை எட்டுப் பத்து பஸ்ஸைப் பிடியுங்கள், அடுத்ததில் உட்கார இடம் கிடைக்காது. பத்திரத்தோடு ஒரு டேப்பும் எடுத்துப் போங்கள். கடையை எல்லையாக நம்பாதீர்கள், கடைக்குக் கால் உண்டு. பெரிய கடைக்காரரிடம் கேட்பதை விடப் பழைய டீ மாஸ்டரிடம் கேளுங்கள், நாற்பது காசுதான். வருசத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் இடத்தில் போய் நில்லுங்கள். முக்கியமாக, யாராவது வெற்றிலை பாக்கு வைத்துத் தேங்காய் கொடுத்தால், எதற்கு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

செல்லம்மா மிஷின் இப்போது அந்த ஆறடியில் ஓடுகிறது. என் இடத்தில் மாரியம்மா குடியிருக்கிறாள், மாரியம்மா இடத்தில் என் மகள் குடியிருக்கிறாள், என் மகள் இடத்தில் நான் சாப்பிடுகிறேன். இதில் யாருக்கு யார் உடையவர் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றுகிறது. தேங்காய் அடுப்படியில்தான் இருக்கிறது. இன்னும் உடைக்கவில்லை. உடைத்தால் எதற்குச் சம்மதம் சொன்னதாக ஆகும் என்று முதலில் தெரியட்டும்.