மூணாறுக்குப் பெண்களைப் பார்க்கப் போனது

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்கு மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறினோம், நானும் என் தம்பி மகள் சுமதியும். பொள்ளாச்சி பதின்மூன்று கிலோமீட்டர். அங்கே மாறி உடுமலைப்பேட்டை, அங்கிருந்து மூணாறு. எங்கள் ஊரில் மூணாறு போனவர்கள் குறைவு. போகாதவர்களுக்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் வரும்.

போன காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சுமதி மெட்ராஸில் எம்.ஏ. படிக்கிறாள். என்ன படிப்பென்று வீட்டில் பலமுறை கேட்டாயிற்று, பஸ்ஸிலும் கேட்டேன்.

"ஏன் அம்மணி, தையல், சமையல் மாதிரியா?"

"இல்லீங்கத்தை. அது பொம்பளைகளுக்கான படிப்புங்க. இது பொம்பளைகளைப் பத்தின படிப்பு."

"பொம்பளையப் பத்திப் பொம்பளை என்னத்தப் படிக்கோணும்?"

"அதைத்தானுங்க படிக்கிறோம்."

இது ஒரு பதிலா? தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகிற பெண்களை நேரில் பார்த்துக் கேட்டு எழுதி வா என்று அவளுடைய வாத்தியாரம்மா சொல்லிவிட்டாராம். வயசுப் பெண்ணைத் தனியாக மலைக்கு அனுப்ப என் தம்பிக்கு மனசில்லை. அதனால் நான் துணை. பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டேன். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. இரண்டு சீப்புப் பழமும் நாலு முழம் மல்லிகையும் வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

உடுமலையில் எட்டு மணிக்கு மூணாறு பஸ். எண்பத்தைந்து கிலோமீட்டர் என்றார் கண்டக்டர். அமராவதி அணைப் பக்கம் வரை ரோடு நேராகத்தான் இருந்தது. சின்னாறு செக்போஸ்ட் தாண்டியதும் வளைவு ஆரம்பித்தது, சுமதிக்கு வாந்தியும் ஆரம்பித்தது. மறையூரில் கரும்பு, வெல்லம் காய்ச்சுகிற வாசனை, ரோட்டோரம் சந்தன மரம். அதற்குமேல் மலை முழுக்க இடுப்பு உயரத்துக்குக் கத்தரித்துவிட்ட தேயிலை. வாய்க்கால் ஒன்றையும் காணோம். எங்கிருந்து தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"மேல இருக்கறவன் பாய்ச்சுவான்மா."

"வருஷம் பூராவுங்களா?"

"நிறுத்தச் சொன்னாலும் கேக்க மாட்டான்" என்றார். எங்கள் பக்கம் அவன் அப்படியில்லை.

பன்னிரண்டு மணிக்கு மூணாறு. சுமதி குழாயடியில் முகம் கழுவப் போனாள். ஒரு ஜீப் டிரைவர் என்னிடம் வந்தார்.

"யாரம்மா பாக்கணும்?"

"பொண்ணுகளப் பாக்க வந்திருக்கறமுங்க."

என் பட்டுச் சேலையையும், பையில் இருந்த பூவையும் பழத்தையும் பார்த்தார். "படிச்ச எடமாம்மா?"

"எம்.ஏ.ங்க. மெட்ராஸ்ல."

"தோட்டம் தொரவு உண்டா?"

என்னைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "நாப்பது ஏக்கருங்க. தென்னையும் நெல்லும்." வீட்டுக்காரர் இருந்தாலும் எங்கள் பண்ணையம் என் பேச்சில்தான் நடக்கிறது.

"அப்ப நல்ல பொண்ணாவே காட்டுறேன்" என்றார். படிப்புக்கும் நல்ல பெண்ணாகத்தானே வேண்டும் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

எஸ்டேட் அங்கிருந்து ஐந்து மைல். ஜீப்புக்கு நாலு ரூபாய். வழியில் எங்களை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவர் மட்டும் முன்னால் போய் வந்தார்.

தொழிலாளிகள் வீடெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிறது. லயம் என்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே பேச்சியம்மா என்பவர் பாய் விரித்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். அவருடைய மகள் தங்கம், இருபது வயதிருக்கும், கொழுந்து எடுக்கிறவள். பெட்டி மடிப்புக் கலையாத பட்டுச் சேலையில் டீ கொண்டுவந்து வைத்தாள். லீவு நாளில் இவர்கள் இப்படித்தான் உடுத்துவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சுமதி பேனாவை எடுத்தாள். என்ன வயசு, எதுவரைக்கும் படிப்பு, காலையில் எப்போது எழுந்திருப்பீர்கள், வீட்டில் சமைப்பது யார் என்று கேட்டாள்.

"அஞ்சு மணிக்கே எந்திரிச்சிருவா. சோறு, கொழம்பு எல்லாம் இவதான். மீன் கொழம்பு வச்சா பக்கத்து வீட்டுக்காரக கிண்ணத்தோட வந்துருவாக" என்றார் பேச்சியம்மா.

"நீங்க சொல்லாதீங்கம்மா, அவங்களே சொல்லட்டும்."

"நாத்தனா ரொம்பக் கறாரு" என்று வாசலில் யாரோ முணுமுணுத்தார்கள். சிரிப்பு எழுந்தது.

"சம்பளம் வாங்கினா யார் கையில குடுப்பீங்க?"

"இப்ப என் கையில. நாளைக்கு இவுக கையிலதானே குடுக்கப் போறா" என்று பேச்சியம்மா என்னைக் காட்டினார். "பையன் போட்டோ கொண்டாந்திருக்கீகளா?"

சுமதியின் பேனா நின்றுவிட்டது. பூவும் பழமும் இருந்த பையை நான் மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

தங்கம்தான் முதலில் புரிந்துகொண்டாள். அடுப்படிக்குள் எங்களைக் கூட்டிப் போனாள். பேச்சியம்மாவும் பின்னால் வந்தார். சுமதி திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப மாப்பிள்ளையே இல்லியா?" என்றாள் தங்கம்.

"இல்லீங்க. மன்னிச்சுக்குங்க. நான் வெளிய போயி எல்லார்கிட்டயும் வெளக்கிச் சொல்லிடறேன்."

"என்னன்னு? படிப்புக்குப் பாக்க வந்தோம்னா? பொண்ணு பிடிக்கல, சாக்கு சொல்லுதாகன்னுதான் லயம் பேசும். அடுத்தாப்ல எவன் வாசல் மிதிப்பான்?" சற்று யோசித்தாள். "பிடிக்கலன்னு சொல்லிருங்க."

"உன்னையவா?" என்றேன்.

"ஒங்கள. எனக்குப் பிடிக்கலன்னு."

என் மூன்று மகன்களுக்கும் பெண் கொடுக்க வந்தவர்கள் எங்கள் களத்தில் காத்துக் கிடந்தார்கள். எங்கள் சம்பந்தத்தை வேண்டாம் என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. "ஏன் அம்மணி, எங்களுக்கு என்ன கொறைச்சல்?"

"வேலைய விடச் சொல்லுவீகளா, மாட்டீகளா?"

என் மருமகள்கள் ஒருத்தியும் வெளியே வேலைக்குப் போகவில்லை. அதில் எனக்குப் பெருமைதான். "சொல்லுவமுங்க."

"அப்பப் பிடிக்கல."

பேச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதையே சொல்லிருங்கம்மா" என்றார்.

வாசலுக்கு வந்து நின்றேன். என் குரல் களத்து மேட்டிலிருந்து வாய்க்கால் வரை கேட்கும். "எங்களுக்குப் பொண்ணு ரொம்பப் புடிச்சுதுங்க. பொண்ணுக்குத்தான் எங்க சம்பந்தம் புடிக்கலீங்களாமா. வேலைய உட்டுட்டு வரமாட்டாங்களாமா."

கூட்டத்தில் ஒரு பெரியவர், "நாப்பது ஏக்கரையா வேண்டாங்கா?" என்றார்.

"வேண்டாம்னா வேண்டாந்தான். நீரு போயிக் கட்டிக்கும்" என்றாள் ஒருத்தி. லயமே சிரித்தது. தங்கம் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள், பட்டுச் சேலையோடேயே. நான் நீட்டிய பையிலிருந்து பழத்தை எடுத்துக்கொண்டு பூவை மட்டும் திருப்பிக் கொடுத்தாள். பூவை வாங்கினால் சம்மதம் என்றாகிவிடும்.

நாங்கள் ஜீப்பில் ஏறும்போது டிரைவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மனசத் தளர விடாதீகம்மா. வேற பொண்ணு இல்லாமயா போகும்?"

ராத்திரி மூணாறில் லாட்ஜில் தங்கி, மறுநாள் திங்கட்கிழமை காலை பஸ் பிடித்தோம். சின்னாறு வந்ததும் சுமதியைக் கேட்டேன்.

"ஏன் அம்மணி, வேலைய விடச் சொல்லமாட்டம்னு நான் சொல்லியிருந்தா, அவளுக்கு நம்மளப் புடிச்சிருக்குமா?"

"அத்தை, மாப்பிள்ளையே இல்லீங்களே."

"அது தெரியும். புடிச்சிருக்குமா?"

"தெரியலீங்க."

"உங்க படிப்புல அது வராதா?"



பொழுது இறங்க வீடு வந்து சேர்ந்தோம். பெரிய மருமகள் சொம்பில் தண்ணீர் கொடுத்து, பையில் வாடிக் கிடந்த மல்லிகையைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எதுக்குங்க அத்தை வேண்டாம்னாங்களாமா?"

"நாம வேலைய விடச் சொல்லுவமாமா."

அவள் சொம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டில் மருமகள்கள் மூவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. எழுந்து போனேன். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக் கழுவத் தொடங்கினார்கள்.

சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லீங்க அத்தை என்றார்கள், மூவரும் ஒன்றாக.