ஷோகேஸில் நின்ற ஒயின்

நாலு மணி வெயில் மேற்குச் சன்னல் வழியாக வந்து ஷோகேஸில் இருக்கும் ஒயின் பாட்டிலைத் தொட்டதும், மொசைக் தரையில் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு விழும். பள்ளி விட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் நானே பூட்டைத் திறந்து நுழைகிற வீட்டில் என்னை வரவேற்க அது ஒன்றுதான் இருந்தது. அதில் பாதத்தை வைத்துக்கொண்டு, ஹாட்பாக்ஸில் அம்மா வைத்துவிட்டுப் போன சோற்றைச் சாப்பிடுவேன். அப்பாவும் அம்மாவும் எங்கள் பனியன் கம்பெனியில் இருப்பார்கள். எப்போது வருவீர்கள் என்று போனில் கேட்டால், கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் அவசரத்தில், "ஷிப்மெண்ட் கண்ணு" என்பார் அப்பா. என் பள்ளி நாட்களில் நாங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. ஷிப்மெண்ட் என்ற அந்தச் சொல்லின் மேல் எனக்கிருந்த கோபம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

பாட்டிலைக் கொண்டுவந்தவர் பாவ்லோ என்கிற இத்தாலிக்காரர், அப்பாவின் "பையர்". எங்களிடம் டீ-ஷர்ட் வாங்கி விற்பது அவர் பிழைப்பு. ஊரில் அவருடைய அண்ணன் ஒரு குன்றின் சரிவில் திராட்சை போட்டு, வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் சிவப்பு ஒயின் செய்துவந்தார். பழத்தைத் தோலோடு புளிக்க விடுவதால்தான் அந்தச் சிவப்பு என்றும், அறுவடைக்குக் குடும்பம் முழுவதும் ஊர் திரும்பி, பழம் பறித்து, மரத்தடியில் நீளமான ஒரே மேசையில் சாப்பிடும் என்றும் அவர் சொல்லச் சொல்ல, அப்பா எனக்குத் தமிழில் சொன்னார். ஒயினைவிட அந்த மேசைதான் எனக்கு வேண்டியிருந்தது. குழந்தை பிறந்த வருடத்து ஒயினில் ஒரு பாட்டிலை எடுத்துவைத்து, அது வளர்ந்து நிற்கையில் எல்லோரும் கூடித் திறப்பது அவர்கள் வழக்கமாம். எங்களிடம் தந்தது நான் பிறந்த வருடத்துப் பாட்டில்.

முருகனுக்கு மாலை போடும் எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. ஆனாலும் நான் காலேஜ் முடித்ததும் மூவரும் உட்கார்ந்து திறப்போம், ஆளுக்கு ஒரு மடக்கு என்று அப்பா வாக்குக் கொடுத்தார். கார்க் காயாமலிருக்க பாட்டிலை இருட்டில் படுக்கவைக்கச் சொல்லியிருந்தார் பாவ்லோ. அவர் கார் தெருமுனை தாண்டியதும், "விருந்தாளி குடுத்தத மூலைல போட்டு வெக்கறதா? நாலு பேரு கண்ணுல படோணும்" என்று அப்பா அதை ஷோகேஸின் நடுத்தட்டில் நிறுத்தி, விளக்கும் போட்டுவிட்டார்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். நான் காலேஜ் முடித்த வருடம் ஒரு ஞாயிறு கம்பெனிக்குப் போகாமல் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அம்மா அரிசிம்பருப்பு சாதம் செய்திருந்தார். காய்ந்த கார்க் உள்ளேயே பொடிந்தது, டீ வடிகட்டியில் வடித்து ஊற்றினோம். அத்தனை வருட வெயிலில் ஒயின் வினிகராகியிருந்தது. அம்மா ஓடிப்போய்த் துப்பினார். நான் டம்ளரைத் தள்ளி வைத்தேன். அப்பா மட்டும் முகம் சுளிக்காமல் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது கண்ணு, நீ சாப்பிடு" என்றார்.

இப்போது பாவ்லோ வருவதில்லை, ஆர்டர்கள் வேறு நாட்டுக்குப் போய்விட்டன. அண்ணனுக்குப் பிறகு ஆளில்லாமல் அந்தத் தோட்டத்தையும் விற்றுவிட்டார்களாம். கம்பெனியும் இல்லை, அம்மாவும் இல்லை. அப்பா திருப்பூரில் தனியாக இருக்கிறார், நான் சென்னையில். மதியம், நான் என்னோடு எடுத்துவந்த அந்தக் காலி பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவில் கூப்பிடுகிறேன். அங்கே அவர் தட்டு, இங்கே என் தட்டு. நான் வாய் வைக்கும்வரை அவர் தொடுவதில்லை.