புள்ளி இல்லாத ஷில்லிங்

பழைய பிரிட்டிஷ் வெள்ளிக் காசு சேர்க்கிறவன் நான். பூதலூரில் விவசாயம் பார்க்கும் செல்வி அக்கா, வீட்டுப் பெட்டியில் ஒரு ஷில்லிங் கிடைத்ததாக நேற்று போன் செய்தார்.

"ராஜா தலைக்கு மேல புள்ளி இருக்கான்னு பாருங்கக்கா. புள்ளி இல்லாததுதான் அபூர்வம்" என்றேன்.

இன்று காலை ஆசையோடு ரயிலேறிப் போனேன். அக்கா சிரித்த முகமாகக் காசைக் கையில் வைத்தார். புது டம்ளர் மாதிரி பளபளத்தது. புள்ளியைக் காணோம்! "புள்ளியே இல்லக்கா!" என்று கூவிவிட்டேன்.

"இருந்துச்சு தம்பி. புளி போட்டுத் தேய்ச்சேன், போகல. அப்புறம் உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு எடுத்துட்டேன். ராஜா மூக்கும் கொஞ்சம் போயிடுச்சு, பரவால்லல்ல?"

மறுக்க மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

மூக்கில்லாத ராஜா வேறு யாரிடமாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். இவருக்குத் துணை வேண்டும்.